ஓணான் அடிக்கும் பிள்ளைகளோடு எங்கே தொடங்குவது?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளியின் பின்சுவரை ஒட்டி ஏரி. தவளை, ஓணான், பாம்பு எதற்கும் குறைவில்லை. ஆனால் பையன்கள் ஓணானைக் கண்டால் ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடித்து அடிக்கிறார்கள். சிலர் தலைப்பிரட்டைகளைத் தண்ணீர் பாட்டிலில் அடைத்து வகுப்புக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டே நாளில் அவை செத்துப்போகின்றன. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாம்பு பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, போன வாரம் ஒரு தண்ணீர்ப்பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி வந்துவிட்டான். அவன் ஆர்வம் உண்மையானது என்பதால் கண்டிக்கவும் மனம் வரவில்லை. பெற்றோரோ, "பாம்பு கீம்புன்னு சொல்லிக்கொடுத்துப் பிள்ளைங்களைக் கெடுத்துடாதீங்க டீச்சர்" என்கிறார்கள். பசுமைப் படை மன்றத்தின் வழியாக ஏதாவது செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

பாம்பிலிருந்து தொடங்க வேண்டாம். ஓணான், பல்லி, தேரை இந்த மூன்றிலிருந்து தொடங்குங்கள். தினமும் கண்ணில் படுபவை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் ஆபத்தில்லாதவை. முதல் நாளிலேயே ஒரே ஒரு விதியைச் சொல்லிவிடுங்கள்: கண், காது, நோட்டு, பென்சில் எல்லாம் உண்டு, கை மட்டும் கிடையாது. தவளையைக் கையில் எடுத்துக் காட்டலாமே, அப்போதுதானே பயம் தெளியும் என்று தோன்றும். ஆனால் ஜூலையில் தவளையைத் தொடவிட்ட பிள்ளையிடம் நவம்பரில் பாம்பைத் தொடாதே என்று சொன்னால் அது எடுபடாது. எந்த உயிரைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று நொடியில் முடிவெடுக்கும் பொறுப்பைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கக்கூடாது.

தவளைக்கும் அதுதான் நல்லது. அது தோலாலும் மூச்சு விடுகிறது, தோல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சுகிறது. நம் கையில் இருக்கும் வியர்வை உப்பு, சோப்பு, சானிடைசர், கொசுவுக்குத் தடவிய களிம்பு எல்லாம் அந்த ஈரத்தோல் வழியாக உள்ளே போய்விடும். தேரையின் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியில் நஞ்சு இருக்கிறது. தொட்டால் மரு வரும் என்பது பொய். ஆனால் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் கடுமையாக எரியும். தப்பித்தவறித் தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுத் தட்டைத் தொட வேண்டும். பல்லி, ஆமை வகைகளுக்கும் இது பொருந்தும். அவற்றின் குடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருப்பது சாதாரணம்.

ஓணான் அடிக்கும் பையன்களைத் தண்டிக்காதீர்கள். எந்த மரத்தில், எந்தக் கிளையில், எந்த நேரத்தில் ஓணான் இருக்கும் என்று பள்ளியிலேயே நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அந்த அறிவை வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மரத்தையோ வேலித் துண்டையோ ஒப்படையுங்கள். காலை மணி அடிக்கும் முன், மதிய இடைவேளை, மாலை பள்ளி விட்டதும் என்று மூன்று முறை, மூன்று மீட்டர் தள்ளி நின்று ஐந்தைந்து நிமிடம் பார்க்கட்டும். நோட்டில் நான்கு பத்தி போதும்: நேரம், தரையிலிருந்து உயரம், வெயிலா நிழலா, உடம்பின் நிறம். உயரத்தைத் தங்கள் முழங்கால், இடுப்பு, தலை என்று அளந்தால் போதும், டேப் வேண்டாம்.

ஒரே வாரத்தில் நோட்டில் ஓர் ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். காலையில் ஓணான் உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு, நிறம் கருத்து, வெயிலை நோக்கித் திரும்பி உட்கார்ந்திருக்கும். உச்சி வெயிலில் நிறம் வெளிறி நிழலுக்குப் போய்விடும். நம்மைப் போல உடம்புக்குள்ளேயே சூட்டை உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது; நிறத்தையும் இடத்தையும் மாற்றித்தான் சூட்டைச் சரிக்கட்டுகிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகும் குளிர்ரத்தப் பிராணி என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆண் ஓணான் முன்னங்காலை ஊன்றித் தண்டால் எடுப்பதை எண்ணச் சொல்லுங்கள். இன்னோர் ஆண் பக்கத்தில் வந்தால் எத்தனை முறை, பெண் வந்தால் எத்தனை முறை என்று பிரித்து எழுதினால், ஆராய்ச்சி மாணவர்கள் செய்யும் அதே வேலைதான் அது.

ஓணானை அடிப்பதற்கு ஊரில் சொல்லும் காரணத்தையும் நேராகவே பேசிவிடுங்கள். பார்த்தபடியே ரத்தத்தை உறிஞ்சிவிடும், அதனால்தான் அதன் கழுத்து சிவக்கிறது என்பார்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் கழுத்தும் செந்நிறமாவது பெண்ணைக் கவரவும் மற்ற ஆண்களை விரட்டவும்தான். தன் மரத்து ஓணான் எந்த மாதம் சிவந்தது, எப்போது பழைய நிறத்துக்குத் திரும்பியது என்று நோட்டில் எழுதிவைத்த பிள்ளைக்கு இதை நாம் விளக்க வேண்டியதே இல்லை. மழைக்காலத்தில் பெண் ஓணான் மண்ணைத் தோண்டி 10 முதல் 20 முட்டை வரை இட்டு மூடிவிட்டுப் போகும். அதை யாராவது பார்த்தால் அந்த இடத்தைக் கிளறாமல் நான்கு கல் வைத்து அடையாளம் செய்துவிடுங்கள். கூட்டுவதற்கு வருபவரிடமும் சொல்லிவையுங்கள்.

வீட்டுப்பாடமாகப் பல்லி. டியூப்லைட்டுக்குக் கீழே பத்து நிமிடம் உட்கார்ந்து, எத்தனை பூச்சியை நோக்கிப் பாய்ந்தது, எத்தனை கிடைத்தது என்று எழுதச் சொல்லுங்கள். சிறிய பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

தேரையைத் தெருவிளக்கின் கீழே பார்க்கலாம். விளக்குக்கு வரும் பூச்சிக்காக மழைக்காலத்தில் ஒரே தேரை தினமும் ஒரே இடத்தில் வந்து உட்காரும். இரண்டு மீட்டர் தள்ளிக் குந்தி உட்கார்ந்து, அது பூச்சியை விழுங்கும் நொடியில் கண்ணைக் கவனிக்கச் சொல்லுங்கள். கண் இரண்டும் தலைக்குள் அமுங்கும். மேலே வெறுமனே துருத்திக்கொண்டிருப்பதாக நாம் நினைக்கும் அந்தக் கண்உருண்டைகள் வாய்க்குள் இறங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ளுகின்றன. நாக்கு நமக்குப் போல உள்ளே ஒட்டியிருக்காது. வாயின் முன்பக்கத்தில் ஒட்டி, பின்பக்கம் மடிந்திருக்கும். அதனால்தான் அவ்வளவு வேகமாக வெளியே வீசி இழுக்க முடிகிறது. ஒருமுறை இதைப் பார்த்த பிள்ளை மறுநாள் மூன்று பேரை இழுத்துக்கொண்டு வரும்.

மழை தொடங்கியதும் காதுக்கு வேலை. தவளைகளைப் பிடிக்காமல் அடையாளம் காண அவற்றின் குரலே போதும். ஒவ்வோர் இனத்து ஆணுக்கும் தனிக் குரல். தேரை நீளமாக, விடாமல் "குர்ர்ர்ர்" என்று இழுக்கும். குளியலறைச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு மரத்தவளை, இடைவெளி விட்டுக் கட்டையைத் தட்டுவதுபோல் "டக்… டக்-டக்" என்னும். கட்டைவிரல் நகமளவு இருக்கும் குறுவாய்த் தவளை தன் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத சத்தத்தில் "க்ரீர்ர்ர்" என்று அறுக்கும். முதல் பெருமழைக்குப் பின் ஏரி ஓரத்திலும் வயலிலும் பெரிய தவளையின் ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக மாறி, தொண்டையின் இருபுறமும் நீலப் பைகளை ஊதிக்கொண்டு பகலிலேயே கத்துவதைக் காணலாம். அந்த மஞ்சள் சில நாளில் மங்கிவிடும். ஆகவே மழை பெய்த மறுநாள் காலையே, முதல் பாடவேளையிலேயே, பின்சுவர் வரை கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள். பாடத்திட்டத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

இரவு நடை போகத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். முதல் ஆண்டில் பிள்ளைகள் தத்தம் வீட்டு வாசலில் நின்று, இரவு எட்டு மணிக்கு, அப்பா அம்மா போனில் ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்து வரட்டும். தேதி, மழை பெய்ததா, தெருப் பெயர், இவ்வளவு போதும். முப்பது வீட்டுப் பதிவுகளை வகுப்பில் போட்டுக் கேட்டு, கரும்பலகையில் ஊர் வரைபடம் வரைந்து எந்தத் தெருவில் எந்தக் குரல் என்று குறித்தால், ஊரின் தவளைக் கணக்கே கையில் இருக்கும். பெற்றோரும் தாமாகவே இதில் வந்து சேர்ந்துவிடுவார்கள், பதிவு செய்வது அவர்கள் போன்தானே.

அப்புறம் இரவு நடை போவதென்றால்: தலைமை ஆசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர், ஆளுக்கொரு டார்ச், கணுக்காலை மூடும் பூட்ஸ் அல்லது ஷூ. செருப்போடு வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், அழுதாலும் சரி. ஏரிக்கரையின் வண்டித்தடத்தை விட்டுப் புல்லுக்குள் இறங்கக்கூடாது. கண்ணாடிவிரியன் இரவில் நடமாடுவது அங்கேதான். இடி மின்னல் இருந்தால் நடை ரத்து. போய்ச் சேர்ந்ததும் கத்தல் சட்டென்று நின்றுவிடும், பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். டார்ச்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் ஒன்று தொடங்கும், பிறகு எல்லாம் சேர்ந்துகொள்ளும். டார்ச் முகப்பில் ஒளி ஊடுருவும் சிவப்புக் கண்ணாடித் தாளை ரப்பர் பேண்டால் கட்டிவிட்டால் தொந்தரவு இன்னும் குறையும்.

இனி தலைப்பிரட்டை. பாட்டிலில் அவை ஏன் சாகின்றன என்பதை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் செவுளைக் கெடுக்கிறது. குறுகிய கழுத்துள்ள பாட்டிலில் காற்றுப் படும் பரப்பு குறைவு, வெயில் பட்டால் தண்ணீர் சூடேறி ஆக்சிஜன் இன்னும் இறங்கிவிடுகிறது. மேற்கொண்டு பிஸ்கட்டும் சோறும் போடுகிறார்கள். அது அழுகி மிச்சத்தையும் முடித்துவிடுகிறது. தப்பிப் பிழைத்தவற்றைக் கண்ட இடத்தில் விடுவதும் தவறு. தவளைகளைக் கொல்லும் பூஞ்சையும் வைரஸும் ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போவது இப்படித்தான்.

எடுத்துவந்து வளர்ப்பதற்குப் பதில், தவளை தானாக வந்து முட்டையிட ஓர் இடம் செய்துகொடுங்கள். ஒரு மீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள சிமென்ட் தொட்டி அல்லது பிளாஸ்டிக் டப் போதும். பாதி நாள் நிழல் விழும் இடத்தில், விளிம்பு மண்ணுக்குமேல் இரண்டு விரல் தெரியும்படி புதையுங்கள். உள்ளே ஒரு பக்கம் செங்கல்லைப் படிபோல் அடுக்கி, மேல் படி தண்ணீருக்கு வெளியே நிற்கும்படி செய்யுங்கள். இதை விட்டுவிடுவதால்தான் பல தொட்டிகளில் தேரையும் அரணையும் ஏற முடியாமல் மூழ்கிச் சாகின்றன. தண்ணீர் 25 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். மழைநீராக இருந்தால் நல்லது. குழாய்த் தண்ணீர்தான் உண்டென்றால் வாளியில் இரண்டு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். கொஞ்சம் வேலம்பாசி போடலாம். ஆகாயத்தாமரை கூடாது, ஒரு மாதத்தில் தொட்டியை மூடிவிடும். தண்ணீருக்கு மேலே சாய்ந்து நிற்கும்படி ஒரு கிளையை நட்டுவையுங்கள். மரத்தவளை வந்தால் அந்தக் கிளையிலோ தொட்டியின் சுவரிலோ பின்னங்காலால் அடித்து வெள்ளை நுரைக்கூடு கட்டும். முட்டைகள் அதற்குள் இருக்கும். சில நாளில் கூடு இளகி, குட்டித் தலைப்பிரட்டைகள் நேராகத் தண்ணீரில் சொட்டும். தேரையின் முட்டை வேறு மாதிரி: கறுப்புப் புள்ளிகள் கோத்த நீளமான வழவழப்புச் சரமாகப் பாசியில் சுற்றியிருக்கும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் பள்ளி என்பதால் தொட்டியைச் சுற்றி இடுப்புயர வேலியும் பூட்டும் வேண்டும். ஒரு சாண் தண்ணீரும் சிறு குழந்தைக்கு ஆபத்து.

இங்கே சிக்கல் கொசு. டெங்குப் பணியாளர்கள் தண்ணீர் தேங்கியதைப் பார்த்தால் மருந்து ஊற்றிவிடுவார்கள், அவர்கள்மேல் தவறில்லை. ஆகவே தொட்டி வைக்கும் முன்பே சுகாதார ஆய்வாளரிடம் சொல்லிவிடுங்கள். தலைப்பிரட்டை கொசுப்புழுவைத் தின்று தீர்த்துவிடும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம், பெரும்பாலானவை பாசி தின்பவை. கம்பூசியா மீனோ கப்பியோ விட்டால் அது கொசுப்புழுவோடு தவளை முட்டையையும் தின்னும். வாரம் இருமுறை வெள்ளை மக்கில் ஐந்து இடத்தில் மொண்டு பாருங்கள். நெளியும் புழு இருந்தால் டீ வடிகட்டியால் அரித்து எடுத்து வெயிலில் கொட்டிவிடுங்கள். முட்டையோ தலைப்பிரட்டையோ இல்லாத வாரத்தில் தண்ணீரை முழுக்க இறைத்து, பக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குக் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக் காய்ந்தும் உயிரோடு இருக்கும். இந்த வேலையைச் செய்ய இரண்டு பிள்ளைகள் பெயர் இல்லாவிட்டால் தொட்டியே வேண்டாம். அக்டோபர் முதல் ஜனவரி வரை மட்டும் தண்ணீர் வைத்து, பிறகு காயப்போடுங்கள். நம் ஊர்க் குட்டைகளும் அப்படித்தான் வற்றுகின்றன, தவளைகளுக்கு அது பழக்கம்தான்.

யாராவது பெற்றோர் ஆர்வத்தில் ஆமை வாங்கிக்கொடுக்க முன்வந்தால் தடுத்துவிடுங்கள். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உலகச் சந்தைக்கு அது கடத்தப்படுவது அதிகமானதால் 2019-இல் பன்னாட்டு வணிகத்தையும் தடைசெய்துவிட்டார்கள். கடைகளில் ஐந்து ரூபாய் நாணயம்போல் இருக்கும் சிவப்புக் காது ஆமை அமெரிக்காவைச் சேர்ந்தது. அது ஏறக்குறைய ஓர் அடி வரை வளர்ந்து, இருபது முப்பது ஆண்டு வாழும். தொட்டி பத்தாமல் ஏரியில் கொண்டுபோய் விடுவார்கள், அங்கே நம் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொள்ளும்.

உங்கள் எட்டாம் வகுப்பு மாணவனுக்கு வருகிறேன். அவன் தூக்கிவந்தது நஞ்சில்லாத பாம்புதான், ஆனால் கையில் எடுத்தால் உடனே கடிக்கும் பாம்பு. அடுத்தமுறை அவன் மலைப்பாம்புக் குட்டி என்றோ மண்ணுளி என்றோ நினைத்து எடுப்பது கண்ணாடிவிரியனாக இருக்கலாம். வெள்ளிக்கோல் வரையன் என்று நினைப்பது கட்டுவிரியனாக இருக்கலாம். இவற்றில் அனுபவமுள்ள பெரியவர்களே ஏமாந்திருக்கிறார்கள். தவிர, வனத்துறை அனுமதி இல்லாமல் பாம்பைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இதைத் தனியாக அழைத்து, பெரியவனிடம் பேசுவதுபோலச் சொல்லுங்கள். சொல்லி முடித்த கையோடு ஒரு பொறுப்பைக் கொடுங்கள்: பள்ளிக்கான பாம்புப் பலகையை அவன்தான் செய்ய வேண்டும்.

பலகையில் நஞ்சுள்ள நான்கு பாம்பு பெரிதாக வரட்டும். படமெடுக்கும் நாகம். பளபளக்கும் கறுப்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள் கொண்ட கட்டுவிரியன். தடித்த உடம்பில் சங்கிலிபோல் மூன்று வரிசைப் பழுப்பு வட்டங்களும், உரக்கச் சீறும் பழக்கமும் உள்ள கண்ணாடிவிரியன். செதில்களை உரசிச் சரசரக்கும், ஒரு முழ நீளச் சுருட்டைவிரியன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைப் போலவே தோன்றும் நஞ்சில்லாத பாம்பின் படம். ஓரத்தில் ஊர்க்கதைகளுக்குப் பதில்: அரணை கடித்தால் மரணம் இல்லை, அதற்கு நஞ்சே கிடையாது. கொம்பேறிமூக்கன் சுடுகாட்டுப் புகையைப் பார்க்க மரம் ஏறுவதில்லை, பல்லியையும் தவளையையும் தேடி ஏறுகிறது. பின்னிக்கொண்டு நிற்கும் இரண்டு பாம்பு சாரையும் நாகமும் அல்ல, சண்டையிடும் இரண்டு ஆண் சாரைகள். கீழே கொட்டை எழுத்தில்: பாம்பைக் கண்டால் நில், மூன்று மீட்டர் பின்னால் போ, பெரியவரிடம் சொல். பெரியவர் அழைக்க வேண்டியது வனத்துறையை அல்லது தீயணைப்பு நிலையத்தை, எண் 101.

பாம்பாட்டியையோ வீடியோ பிரபலத்தையோ கூப்பிட்டு உயிருள்ள பாம்பைக் காட்டச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் மனதில் நிற்பது பாம்பைப் பற்றிய செய்தி அல்ல, அதைக் கையில் பிடித்த ஆளின் தைரியம்தான். உங்கள் மாவட்டத்திலேயே அதைவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது. 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இயங்குகிறது. பாம்புகளைக் கொஞ்ச நாள் மட்டும் வைத்திருந்து, நஞ்சு எடுத்து, அடையாளமிட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். விடுமுறை நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு அழைத்துப் போங்கள். உங்கள் வகுப்பில் இருளர் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை மதிப்பூதியம் கொடுத்துப் பாடம் எடுக்க அழையுங்கள். தடத்தைப் பார்த்து என்ன பாம்பு, எந்தப் பக்கம் போயிற்று என்று சொல்வதை நோட்டில் எழுதட்டும். அந்தப் பிள்ளையிடம், பாம்பைப் பிடித்துக்காட்டு என்று மட்டும் யாரும் கேட்டுவிடக்கூடாது.

பெற்றோர் கூட்டத்தில் பாம்பின் பெருமையைப் பேச வேண்டாம். அவர்கள் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி தெரியாது, பல்தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, இமை தொங்குதல் என்று தொடங்கினால் அஜீரணம் என்று நினைத்துக் காத்திருக்கக்கூடாது. கட்டிலில் படுப்பதும், தரையில் படுத்தால் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுவதும் இதைப் பெருமளவு தடுக்கும். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், உறிஞ்சாமல், வளையல், மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ மட்டை வைத்து அசையாமல் செய்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை, பலகையில் உள்ள நான்கு பாம்புக்கும் ஒரே மருந்துதான். இதைப் பள்ளியில் கற்றுவந்த பிள்ளையே வீட்டில் சொல்லும்போது, யார் யாரைக் கெடுக்கிறார்கள் என்ற பேச்சு அடங்கிவிடும்.

அந்த மாணவன் இந்த ஆர்வத்திலேயே நிலைத்தால், பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுக்கச் சொல்லுங்கள். விலங்கியல் இளங்கலை முடித்தபின் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுகலை படிக்கலாம். டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனத்திலும் முதுகலைப் படிப்பு உண்டு. இரண்டிலும் கேட்கப்போவது எத்தனை பாம்பு பிடித்தாய் என்று அல்ல. அதனால் இப்போதிருந்தே அவன் எழுதும் நோட்டுகளில் தேதியும் நேரமும் இடமும் விடுபடாமல் இருக்கிறதா என்று வாராவாரம் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.